ஓம்ஸ் எத்தனை?

ஜி.பி. ரோட்டுக் கடையில் வேலை பார்த்த காலத்தில், வாட் எவ்வளவு என்று கேட்காத வாடிக்கையாளரை நான் பார்த்ததே இல்லை. "ஆயிரம் வாட்டா? எதிர்க்கடையில ஆயிரத்து இருநூறு சொல்றானே?" என்றுதான் பேரம் தொடங்கும். ஓம்ஸ் எத்தனை என்று கேட்டவர்கள் அபூர்வம். அப்படி யாராவது கேட்டுவிட்டால், உள்ளே டேஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொடுத்திருக்கும் மாஸ்டர் வெளியே வந்து எட்டிப் பார்ப்பார். "எந்த ஊர்ல மைக் செட் வச்சிருந்தீங்க?" என்பார். பெரும்பாலும் அவர் ஊகம் சரியாகவே இருக்கும்.

அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையைத்தான் ஊரே ஜி.பி. ரோடு என்கிறது. கார் சாமான்களுக்கென்றே ஆன தெரு. சீட் கவர், மேட், ஹாரன், டெக், ஸ்பீக்கர், கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்பு ஃபிலிம் எல்லாம் அங்கே உண்டு. ஃபிலிம் வியாபாரம் மட்டும் 2012-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு படுத்துவிட்டது. நான் சேர்ந்தபோது அந்தக் கவலை இல்லை. குவாலிஸும் சுமோவும் தெருவை அடைத்து நிற்கும். டிராவல்ஸ்காரர்கள் புது வண்டியை ஷோரூமிலிருந்து நேரே எங்கள் தெருவுக்குத்தான் ஓட்டி வருவார்கள். நடந்துபோகிற தூரத்தில் ரிச்சி தெரு. ஐ.சி. வேண்டுமா, ரிலே வேண்டுமா, பையனை அனுப்பினால் டீ ஆறுவதற்குள் வந்துவிடும்.

கடை முதலாளியை எல்லோரும் பாய் என்போம். கல்லாவும் பேரமும் அவர் பொறுப்பு. மாட்டுகிற வேலை மாஸ்டருடையது. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு அவருக்குக் கையாளாகச் சேர்ந்தவன். மாஸ்டருக்கு ஆரணிப் பக்கம். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கூழ் ஊற்றுவது என்று எல்லாவற்றுக்கும் மைக் செட் கட்டியவர். ஓம் விதியை அவர் புத்தகத்தில் படித்ததில்லை. பனைமரத்தில் ஹாரன் கட்டிக் கற்றுக்கொண்டார்.

அந்தக் கால அகுஜா ஆம்ப்ளிஃபையரின் முதுகில் ஒரு திருகு வரிசை இருக்கும். காமன், 4, 8, 16, 100 வோல்ட். ஹாரன் யூனிட் ஒன்று 16 ஓம்ஸ். ஒன்றைக் கட்டினால் 16-இல் மாட்ட வேண்டும். இரண்டை இணையாகக் கட்டினால் 8. நாலைக் கட்டினால் 4. தெருக்கோடி வரைக்கும் ஒயர் இழுக்க வேண்டுமென்றால் இந்தக் கணக்கெல்லாம் உதவாது. 100 வோல்ட் லைனில் போட்டு, ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒரு டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும். இதை மாஸ்டர் சொல்லும்போது ஏதோ வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருக்கும். வால்வு செட்டில் லோடு இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும், டிரான்சிஸ்டர் செட்டில் லோடு அதிகமானால் டிரான்சிஸ்டர் போய்விடும் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அதுக்குச் சும்மா இருந்தா ஆகாது, இதுக்குப் பாரம் கூடினா ஆகாது" என்பார்.

எனக்கு இதில் ஒரு குடைச்சல் இருந்தது. மூலத்தின் மின்தடையும் லோடின் மின்தடையும் சமமாக இருந்தால்தான் அதிகபட்ச சக்தி போய்ச் சேரும் என்று ஒரு தேற்றத்தைப் பாலிடெக்னிக்கில் பத்து மார்க் கேள்விக்காக உருப்போட்டிருந்தேன். அப்படியானால் 4 ஓம்ஸ் வூஃபருக்கு, உள்ளே 4 ஓம்ஸ் இருக்கிற ஆம்ப்ளிஃபையரா வேண்டும்? ஆனால் நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டுத் தடை ஓமில் நூறில் ஒரு பங்கு, சில பங்குதான் இருக்கும். அதற்குச் சமமான வூஃபரைத் தேடினால் வெறும் செம்புக் கம்பிதான் கிடைக்கும். சமன் செய்வது இங்கே வேலையே இல்லை. ஆம்ப்ளிஃபையர் ஒரு வோல்டேஜை நிறுத்தித் தருகிறது. எவ்வளவு கரண்ட் இழுப்பது என்பதை வூஃபரின் ஓம்ஸ் முடிவு செய்கிறது. எண் குறையக் குறையக் கரண்ட் கூடும். ஆம்ப்ளிஃபையர் தாங்குகிற கரண்டுக்குள் அது நிற்கிறதா என்று பார்ப்பதைத்தான் நாங்கள் மேட்சிங் என்றோம். மாஸ்டருக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. "வண்டியில ஏத்துற மூட்டைடா அது. மாடு ஒண்ணா ரெண்டான்னு பார்த்துட்டு ஏத்தணும்" என்று முடித்துவிட்டார்.

வீட்டு ஸ்பீக்கர் பெரும்பாலும் 8 ஓம்ஸ், கார் ஸ்பீக்கர் 4 ஓம்ஸ். காரில் பேட்டரி 12 வோல்ட்தான், எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட். கையில் வோல்டேஜ் குறைவு என்பதால் ஓம்ஸைக் குறைத்துத்தான் வாட் எடுக்க முடியும். டெக்கின் முகப்பில் '50 வாட் x 4' என்று அச்சிட்டிருப்பார்களே, அது எங்கிருந்து வந்தது என்று ஒரு மத்தியான வேளையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.84. அதாவது பேட்டரி வோல்டேஜ் மொத்தமும் சதுர அலையாக ஸ்பீக்கரில் விழுந்தால் வருகிற எண் அது. ஒழுங்கான அலையாக வந்தால் அதில் பாதி, 26. காது கூசாமல் கேட்கிற அளவுக்கு என்றால் 20 வாட்டை ஒட்டித்தான் நிற்கும். பாயிடம் காட்டினேன். "கஸ்டமர்கிட்ட சொல்லிடாதே" என்றார், சிரிக்காமல்.

அதனால்தான் சப்-வூஃபருக்குத் தனி ஆம்ப்ளிஃபையர். அதற்குள் ஒரு வளைய டிரான்ஸ்பார்மரும் மாஸ்ஃபெட்டுகளும் சேர்ந்து 12 வோல்ட்டை முப்பது, நாற்பது வோல்ட்டுக்கு ஏற்றித் தரும். முதுகுத் தகடு முழுக்க அலுமினியச் சீப்பு. வாட் கூடினால் சீப்பு நீளும். ஏ-பி வகை ஆம்ப்ளிஃபையர் இழுக்கிற கரண்டில் பாதியைச் சூடாக்கி வெளியே விடும். டி வகை வந்த பிறகுதான் கார் டிக்கியில் கை வைக்க முடிந்தது.

ஆம்ப்ளிஃபையர் பெட்டிகளின் மேல் அச்சான எண்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். பி.எம்.பி.ஓ. என்ற நாலெழுத்து அன்று எல்லா அட்டையிலும் இருந்தது. கையடக்க ரேடியோவிலேயே ஆயிரம் வாட் போட்டு விற்றார்கள். பெயர் போன கம்பெனிகளின் பெட்டியில்கூட பெரிய எழுத்து எண்ணைப் பார்க்காமல், அடியில் பொடி எழுத்தில் இருக்கிற மூன்று வரியைப் படி என்பார் மாஸ்டர். எத்தனை வோல்ட்டில், எத்தனை ஓம்ஸில், எத்தனை சதவீதச் சிதைவில் அளந்தது என்று அங்கே இருக்கும். பின்னால் சி.இ.ஏ. 2006 என்றொரு அளவுமுறை வந்தது. 14.4 வோல்ட், 4 ஓம்ஸ், சிதைவு 1 சதவீதத்துக்குள் என்று ஒரே அளவுகோலில் எல்லோரையும் நிறுத்தியது. அந்த முத்திரை உள்ள பெட்டிகளில் எண் சின்னதாக இருக்கும். விற்பது சிரமம்.

ஒரு கார்த்திகை மாதம் வந்த வேனைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. வேலூர்ப் பக்கத்து டெம்போ டிராவலர். அன்று ராத்திரியே சாமிமார்களை ஏற்றிக்கொண்டு சபரிமலைக்குக் கிளம்ப வேண்டும். "ரெண்டு பாட்டு பாடுது மாஸ்டர், மூணாவது பாட்டுல செவப்பு லைட்டு எரிஞ்சு ஊமையாயிடுது" என்றார் வேன்காரர். கழுத்தில் அவருக்கும் மாலை. அடுத்த சந்தில் காட்டியதற்கு ஆம்ப்ளிஃபையர் போச்சு, புதுசு வாங்கு என்று சொல்லிவிட்டார்களாம்.

பாய்க்கும் புதுசு விற்பதில் ஆட்சேபம் இருந்திருக்காது. ஆனால் மாஸ்டர் ஆம்ப்ளிஃபையரைத் தொடவில்லை. "வூஃபர் பெட்டியை வெளியில எடு" என்றார். பன்னிரண்டு அங்குல வூஃபர், பெட்டிக்குச் சாம்பல் நிறக் கார்பெட் ஒட்டியிருந்தது. திருகைக் கழற்றி வூஃபரைத் தூக்கி மேஜைமேல் கவிழ்த்தோம். மேக்னெட் முதுகில் இருந்த ஸ்டிக்கரில் இரட்டைக் காயில், 4 ஓம்ஸ் வீதம் என்று போட்டிருந்தது. மாஸ்டர் ஸ்டிக்கரைப் பார்க்கவே இல்லை. கோனின் ஓரத்தில் புதுப் பசை பழுப்பாக வழிந்து காய்ந்திருப்பதை விரலால் தடவினார். "எங்க கோன் மாத்துனீங்க?" வேன்காரர் முழித்தார். போன வருஷம் காயில் எரிந்து, ஊரிலேயே ஒருவரிடம் கொடுத்துக் காயிலும் கோனும் மாற்றியது உண்மைதான்.

மாஸ்டரிடம் முள் மீட்டர் ஒன்று இருந்தது, பழைய சான்வா. டிஜிட்டல் மீட்டர் வாங்கித் தருகிறேன் என்று பாய் சொல்லியும் அவர் அதை விடவில்லை. இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு, ஓரத்துக் குமிழைத் திருகி முள்ளைச் சரியாகப் பூஜ்யத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். இதைச் செய்யாமல் ஓம்ஸ் பார்த்தால், அளப்பது காயிலையா மீட்டர் ஒயரையா என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று ஓம்ஸில் அரை ஓம் தப்பு என்பது பெரிய தப்பு. பிறகு ஒரு காயிலின் முனைகளில் வைத்தார். 4 ஓம்ஸ் காயில் என்றால் மீட்டரில் மூணேகாலிலிருந்து மூணரை, மூணேமுக்கால் வரை காட்ட வேண்டும். மீட்டர் பார்ப்பது நேர்மின் தடை, ஸ்டிக்கரில் இருப்பது பாட்டு ஓடும்போதுள்ள இம்பீடன்ஸ். முன்னது எப்போதும் கொஞ்சம் கம்மியாக இருக்கும். முள் இரண்டுக்குக் கீழே போய் நின்றது. இன்னொரு காயிலும் அப்படியே. ஊரில் இருந்தவர் கையில் கிடைத்த 2 ஓம்ஸ் காயிலைப் போட்டு ஒட்டியிருந்தார். பாட்டு கேட்டது, காசு வாங்கினார், முடிந்தது.

அதோடு போகவில்லை. இரண்டு காயிலையும் இணையாகச் சேர்த்து, இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபையரில் பிரிட்ஜ் செய்து கட்டியிருந்தார்கள். 2 ஓம்ஸ் இரண்டு இணையானால் 1 ஓம். பிரிட்ஜ் என்றால் இடது சேனலின் பிளஸ், வலது சேனலின் மைனஸ், இரண்டு சேனலும் எதிரெதிராகத் தள்ளும், வோல்டேஜ் இரட்டிப்பாகும். அதனால் வருகிற வாட்டைப் பார்க்கிறவர்கள், ஒவ்வொரு சேனலுக்கும் அந்த லோடில் பாதிதான் தெரிகிறது என்பதைப் பார்ப்பதில்லை. 4 ஓம்ஸைப் பிரிட்ஜில் போட்டால் ஒரு சேனல் 2 ஓம்ஸைச் சுமக்கிறது. 1 ஓமைப் போட்டால் அரை ஓம். அந்த ஆம்ப்ளிஃபையரின் முனைக்குப் பக்கத்திலேயே பிரிட்ஜில் 4 ஓம்ஸுக்குக் குறையாமல் போடு என்று அச்சடித்திருந்தது. அது மூன்றாவது பாட்டில் படுத்துக்கொண்டது தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

மாஸ்டர் ஒரு பென்டார்ச் செல்லை எடுத்தார். ஒரு காயிலில் தொட்டதும் கோன் மேலே எழும்பியது. பிளஸ் எது என்று தெரிந்துபோயிற்று. இன்னொரு காயிலிலும் தொட்டுப் பார்த்தார். ரீகோன் செய்த சாமானில் முனைக்கு அடித்திருக்கிற சிவப்புப் பெயின்டை நம்பக் கூடாது என்பது அவர் கொள்கை. தலைகீழாகச் சேர்த்துவிட்டால் இரண்டு காயிலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கோன் அசையாமல் கிடக்கும். சூடு மட்டும் ஏறும். பிறகு ஒரு காயிலின் மைனஸை மற்றதன் பிளஸோடு ஒரு சாண் ஒயரால் சேர்த்தார். தொடர் இணைப்பு, இரண்டும் இரண்டும் நாலு. மீட்டரில் மூன்றரைக்குச் சற்றுக் கீழே நின்றது. வூஃபரைத் திரும்பப் பெட்டியில் இறக்கி, பிரிட்ஜிலேயே மாட்டி, ஐயப்பன் பாட்டைப் போட்டு, வேனின் கதவுகளை மூடி அரை மணி நேரம் ஓடவிட்டோம். ஆம்ப்ளிஃபையரின் முதுகு கை பொறுக்கிற சூட்டில் நின்றது. வேன்காரர் பாயிடம் எவ்வளவு என்று கேட்டார். பாய் என்னைப் பார்த்தார், ஒரு சாண் ஒயருக்கு என்ன பில் போடுவது என்று. கடைசியில் மலைக்குப் போகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு ஹாரன் செட் விற்றார்.

பெட்டியில் நாலு என்று எழுதிய வூஃபரும் நாலாகவே இருப்பதில்லை என்பதை அதற்கப்புறம்தான் உட்கார்ந்து அளந்தேன். பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, விதவிதமான அதிர்வெண்கள் பதிந்த டெஸ்ட் சி.டி. ஒன்று, மில்லிவோல்ட் காட்டும் டிஜிட்டல் மீட்டர் ஒன்று. ரெசிஸ்டர் வழியாகச் சத்தத்தை அனுப்பி, முதலில் வூஃபர் இருக்கும் இடத்தில் 10 ஓம் ரெசிஸ்டரை வைத்து மீட்டர் 100 மில்லிவோல்ட் காட்டும்படி வால்யூமை நிறுத்தினேன். இனி மில்லிவோல்ட்டைப் பத்தால் வகுத்தால் ஓம்ஸ். பெட்டியில்லாத பன்னிரண்டு அங்குல வூஃபர் ஒன்று 100 ஹெர்ட்ஸுக்கு மேலே போனதும் நாலை ஒட்டி நின்றது. 50-க்கு இறங்கினால் பத்தைத் தாண்டியது. 30-ஐ நெருங்கும்போது முப்பது, நாற்பது என்று ஏறி, இன்னும் கீழே போனால் மறுபடி இறங்கிவிட்டது. கோன் தானாக ஆட விரும்புகிற அதிர்வெண் அது. அங்கே காயில் தானே ஒரு டைனமோவாகி, வருகிற கரண்டை எதிர்த்து நிற்கிறது. பெட்டிக்குள் வைத்தால் அந்த மேடு இடம் மாறும். துளை வைத்த பெட்டி என்றால் ஒரு மேடு இரண்டாகப் பிரியும்.

அப்படியானால் 4 என்று எழுதுவது எதற்கு? எங்கேயும் இதற்கு மிகக் கீழே போகமாட்டேன் என்ற உறுதிமொழி அது. வேலை செய்கிற அதிர்வெண்களுக்குள், எழுதிய ஓம்ஸில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது சர்வதேச மின்தொழில்நுட்பக் கழகத்தின் வரையறை. 4 என்றால் 3.2. ஆம்ப்ளிஃபையரின் பயமெல்லாம் அந்தக் கடைசிப் பள்ளத்தைப் பற்றித்தான். மேடு எவ்வளவு உயரம் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. மாஸ்டரிடம் நான் வரைந்த கோட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஹாரனுக்கும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். அவர் என்னிடம் கேட்ட முதல் பாடக் கேள்வி அது என்று நினைக்கிறேன்.

ஆம்ப்ளிஃபையரின் கெயின் குமிழை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்பிவிடுகிற பழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. டெக்கிலிருந்து வருகிற சமிக்ஞைக்கும் ஆம்ப்ளிஃபையரின் முழு அளவுக்கும் நடுவே சரிக்கட்டுவதற்காக உள்ள குமிழ் அது. மிஞ்சித் திருப்பினால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் காயில் ஆடுவதைவிடக் காய்வது அதிகம். எரிந்த காயிலின் வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது, வார்னிஷும் கருகிய காகிதமும் சேர்ந்த ஒரு காட்டம். கடையில் சாமான் அலமாரிக் கதவின் உள்பக்கம் நான் ஒரு பட்டியல் எழுதி ஒட்டியிருந்தேன். வாட்டை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எத்தனை வோல்ட்டில் நிறுத்த வேண்டும் என்பது வந்துவிடும். 4 ஓம்ஸில் 100 வாட்டுக்கு 20 வோல்ட், 200-க்கு 28.3, 300-க்கு 34.6. அதே 300 வாட் 2 ஓம்ஸில் என்றால் 24.5. வூஃபர் ஒயரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் சத்தத்தைப் போட்டு, மீட்டரைப் பார்த்துக்கொண்டே குமிழைத் திருப்பி அந்த எண்ணில் நிறுத்துவோம். மாஸ்டர் பட்டியலைப் பார்க்கமாட்டார். மீட்டரையும் பார்க்கமாட்டார். காதால் கேட்டே நிறுத்துவார். பிறகு நான் அளந்தால் ஒன்றிரண்டு வோல்ட் குறைவாகவே இருக்கும். கூடுதலாக ஒருநாளும் இருந்ததில்லை.

கொஞ்ச காலத்தில் 1 ஓம் மோகம் வந்தது. டி வகை மோனோ ஆம்ப்ளிஃபையர்கள் மலிவாகின. அட்டையில் பெரிய எண். அது 1 ஓமில் எடுத்தது. அமெரிக்காவில் இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. ஆம்ப்ளிஃபையரில் எழுதிய வாட்டை வைத்துப் பிரிவு பிரித்துக் கார் ஒலிப் போட்டிகள் நடந்த நாட்களில், ஓரியன் கம்பெனி 4 ஓம்ஸில் சேனலுக்கு 25 வாட் என்று எழுதி ஒரு மாடல் விட்டது. அரை ஓம் வரை தாங்குகிற மாதிரி கட்டியிருந்தார்கள். போட்டிக்காரர்கள் ஓம்ஸைக் கீழே இறக்கி, சின்னப் பிரிவில் நின்றுகொண்டு பல மடங்கு வாட் எடுத்தார்கள். அவற்றுக்கு ஏமாற்று ஆம்ப்ளிஃபையர் என்றே பெயர். அங்கே ஓம்ஸைக் குறைத்ததில் ஒரு தந்திரம் இருந்தது. அண்ணா நகரிலிருந்து அலுவலகத்துக்குப் போகிற காரில் அதே 1 ஓமுக்கு என்ன வேலை என்று எனக்குப் புரிந்ததில்லை.

கணக்கு எளிது. ஓர் ஆம்ப்ளிஃபையர் 4 ஓம்ஸில் 300 வாட், 2 ஓம்ஸில் 500 வாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 வாட் கூடுதல் என்றால் ஏதோ பெரிய சமாச்சாரம்போலத் தெரியும். காதுக்கு அது 2.2 டெசிபல். இரட்டிப்பு வாட்டே 3 டெசிபல்தான். இரட்டிப்பு சத்தம் என்று காது ஒப்புக்கொள்ள ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். இந்த 2.2-க்காகப் பேட்டரியிலிருந்து இழுக்கிற கரண்ட் 27 ஆம்பியரிலிருந்து 45-க்கு ஏறுகிறது. ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட் கண் சிமிட்டும். ஒயரில் வீணாகிற சக்தி கரண்டின் வர்க்கத்தில் ஏறும். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரைச் செம்பு ஒயர் என்று விற்கத் தொடங்கியதும் இதே காலம்தான். கத்தியால் கீறினால் உள்ளே வெள்ளையாகச் சிரிக்கும்.

ஹெட்லைட் சிமிட்டலுக்கு மருந்து என்று 1 ஃபாரட் கெப்பாசிட்டரை விற்றோம். நீல வெளிச்சத்தில் வோல்டேஜ் காட்டும் உருளை, பார்க்க அம்சமாக இருக்கும். 14.4 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும் வரை அது தருவது 32 ஜூல். ஆயிரம் வாட் இழுக்கிற நேரத்தில் அது நூறில் மூன்று வினாடிக்குக் காணும். பாய்க்கு மட்டும் அதன்மேல் ஒரு பிரியம். அதில் லாபம் நன்றாக நின்றது.

மாஸ்டர் இந்த டெசிபல் கணக்கெல்லாம் போட்டதில்லை. ஆனால் சத்தம் போதவில்லை என்று திரும்பி வருகிறவர்களிடம் அவர் முதலில் ஓம்ஸில் கைவைக்கமாட்டார். பெட்டியைத் தட்டிப் பார்ப்பார். காற்று கசிகிறதா, பலகை அதிர்கிறதா, வூஃபர் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது. பெட்டியை டிக்கிக்குள் திருப்பி வைத்ததிலேயே பாதிப் பேர் திருப்தியாகிப் போனார்கள். வூஃபரோடு ஒரு தாள் வரும், அதில் எத்தனை லிட்டர் பெட்டி என்று கணக்கிடுவதற்கான எண்கள் இருக்கும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் தொடங்கிவைத்து, ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளில் முழுமையாக்கிய எண்கள் அவை. இருவர் பெயராலும்தான் இன்றும் வழங்குகின்றன. எங்கள் கார்பென்டர் அந்தத் தாளில் பசை கலக்குவார். ப்ளைவுட் பலகையை வீணாக்காமல் வெட்டினால் என்ன அளவு வருமோ அதுவே பெட்டியின் அளவு.

கடையை விட்டு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது எனக்கும் இந்தத் தொழிலுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் சொந்தத்தில் யார் கார் வாங்கினாலும் எனக்குத் தகவல் வந்துவிடும். சமீபத்தில் அக்கா மகன் ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கினான். இரண்டு பன்னிரண்டு அங்குல வூஃபர், ஒரு மோனோ ஆம்ப்ளிஃபையர், எல்லாம் பெட்டி பிரிக்காமல் ஹாலில் அடுக்கி வைத்திருந்தான். வூஃபர் ஒவ்வொன்றும் இரட்டைக் காயில், 4 ஓம்ஸ் வீதம். ஆம்ப்ளிஃபையர் 2 ஓம்ஸுக்குக் கீழே தாங்காது. 4-இல் 300 வாட், 2-இல் 500.

"2 ஓம்ஸ்ல கட்டித் தாங்க மாமா" என்றான். நாலு காயிலையும் எப்படிப் போட்டாலும் 2 வராது. எல்லாவற்றையும் இணையாகப் போட்டால் 1, ஆம்ப்ளிஃபையர் படுத்துவிடும். ஒவ்வொரு வூஃபரின் காயில்களையும் தொடராக்கி, இரண்டையும் இணையாக்கினால் 4. எல்லாமே தொடர் என்றால் 16. இரண்டு வூஃபரில் 2 ஓம்ஸ் வேண்டுமானால் காயில் 2 ஓம்ஸ் வீதம் உள்ளதை வாங்கியிருக்க வேண்டும். "அப்போ ஒரே வூஃபர்ல?" ஒன்றில் இரண்டு காயிலையும் இணையாக்கினால் சரியாக 2. "அப்ப ஒண்ணையே வச்சுட்டு 500 வாட் எடுத்துக்கலாமா, ரெண்டையும் வச்சுட்டு 300-ஓட நிக்கலாமா?"

நல்ல கேள்வி. பையன் மைக் செட் எதுவும் வைத்திருந்ததில்லை. அதே வாட்டில் இன்னொரு வூஃபர் பக்கத்தில் சேர்ந்தால் 3 டெசிபல் கூடும். 500-லிருந்து 300-க்கு இறங்கினால் 2.2 குறையும். ஆக, 4 ஓம்ஸில் இரண்டு வூஃபர், 2 ஓம்ஸில் உள்ள ஒரு வூஃபரைவிட 0.8 டெசிபல் முன்னால் நிற்கும். கரண்டும் குறைவு, ஆம்ப்ளிஃபையரும் சூடாகாது. இரண்டையும் வை, 4-இல் கட்டு என்று நான் காகிதத்தில் படம் போட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா சமையலறையிலிருந்து வந்து இரண்டு அட்டைப்பெட்டியையும் பார்த்தாள். "ரெண்டையும் டிக்கியில வச்சா ஊர்லேர்ந்து அரிசி மூட்டையை மடியில வச்சுட்டா வர்றது?"

ஒன்று கடைக்குத் திரும்பிப் போயிற்று. பிரிக்காத பெட்டி என்பதால் வாங்கிக்கொண்டார்கள். மிச்சமிருந்ததை 2 ஓம்ஸில் கட்டி, அலமாரிக் கதவுப் பட்டியலை நினைவிலிருந்து எடுத்து, 500-க்கு ஆசைப்படாமல் 400 வாட்டுக்குக் கணக்குப் போட்டு, 28 வோல்ட்டில் கெயினை நிறுத்தினேன். குமிழின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றாக ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். அது தீபாவளி வரைக்கும் பிரிபடாமல் இருந்தால் ஆச்சரியம்தான்.